ஓங்கிலும் அதன் உள்ளுறை புழுக்களும்

மைசூரில் வாழும் தமிழ் இல்லங்கள் பலவற்றிற்கும் பழக்கமான ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காட்சியை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன். மங்களூர்க் கரையில் பிடிபட்ட மீன், மலைத்தொடரைக் கடந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வழிவந்து இவ்வூர்க் கடைத்தெருவை அடைகிறது. கானாங்கெளுத்தி என்று நாமும், அயிலை என்று தென்கோடித் தமிழரும் அழைக்கும் மீனை இவ்வூர்க் கடைக்காரர் பங்குடெ என்பார். அதை வாங்கி வந்து வயிற்றைக் கீறும்பொழுது, குடலின்மேல் வெண்ணிற நூல்சுருள் போன்று ஒரு புழு சுருண்டு கிடப்பதை இல்லத்தரசியார் காண்கிறார். முகத்தைச் சுளித்து, மீன் முழுவதையும் குப்பையில் கொட்டிவிடுகிறார். "அழுகிய மீனைத் தலையில் கட்டிவிட்டானே!" என்று கடைக்காரர்மீது பழி விழுகிறது.

நேயர்களே! கடைக்காரர்மீது குற்றமில்லை. அப்புழு அழுகலில் பிறந்ததன்று. மீன் உயிரோடு நீந்திய நாளிலேயே அதன் உடலில் குடிபுகுந்தது. கடல்மீன்களில் இவ்வாறு சுருண்டு கிடக்கும் புழுக்களுள் ஒருவகை, உண்மையில் மீனுக்கென்று பிறந்ததுமன்று. அது வேறொரு பெரிய உயிரின் வயிற்றை அடைவதற்காக மீனுக்குள் காத்துக் கிடக்கிறது. அப்பெரிய உயிர்தான் டால்பின் என்று வழங்கப்படும் ஓங்கில். ஓங்கிலின் உடலில் வாழும் புழுக்கள் யாவை, அவை அங்கு எவ்வாறு சென்று சேர்கின்றன, அவற்றால் ஓங்கிலுக்கு விளையும் கேடு எத்தகையது, கடலைக் காணாத மைசூரில் வாழும் நமக்கும் அவற்றிற்கும் என்ன தொடர்பு என்பவற்றை இன்று சற்றே ஆராய்வோம்.

ஓங்கில் மீன் போன்ற தோற்றமுடையதேனும் மீனன்று. அது நம்மைப்போல் நுரையீரலால் மூச்சு விடுவது. குட்டி ஈன்று பாலூட்டுவது. வெப்பக் குருதி உடையது. மேற்கே கார்வார், மங்களூர்க் கரைகளிலும், கிழக்கே சோழமண்டலக் கரையிலும், மன்னார் வளைகுடாவிலும் ஓங்கில்கள் உலவுகின்றன. அவற்றுள் கூன்முதுகு ஓங்கில் என்னும் இனம் கரையை ஒட்டிய ஆழங்குறைந்த நீரையே விரும்பி வாழ்வது. ஆற்று முகத்துவாரங்களிலும், மீன்பிடிப் படகுகளின் அருகிலும் அதைக் காணலாம். கரைக்கு இவ்வளவு அண்மையில் வாழ்வதனாலேயே மனிதனின் வலையும் கழிவும் முதலில் அதனைத்தான் தாக்குகின்றன. இந்துமாக்கடலில் வாழும் இவ்வினம் அழிவை எதிர்நோக்கும் உயிர்களின் பட்டியலில் இடம் பெற்றுவிட்டது.

ஓருயிரின் உடலில் தங்கி, அதன் உணவையே தன் உணவாக்கிக்கொண்டு வாழும் உயிரை ஒட்டுண்ணி என்கிறோம். இடங்கொடுக்கும் உயிரை ஓம்புயிர் எனலாம். ஓங்கிலுக்குள் வாழும் புழு ஒட்டுண்ணிகள் நான்கு வகையின. நூல் போன்று உருண்டு நீண்டவை உருளைப்புழுக்கள். இலை போன்று தட்டையானவை தட்டைப்புழுக்கள். கண்ணி கண்ணியாக நீள்பவை நாடாப்புழுக்கள். தலையில் கொக்கி முட்களை உடையவை முள்தலைப்புழுக்கள். காட்டிலும் கடலிலும் வாழும் விலங்குகளுள் இத்தகைய விருந்தினர் எவருமின்றி வாழ்வது அரிது.

மீனின் வயிற்றில் நாம் கண்ட புழுவுக்கு வருவோம். அனிசாகிஸ் என்பது அதன் பெயர். வளர்ந்த புழு ஓங்கில், திமிங்கிலம் ஆகியவற்றின் இரைப்பையில் வாழ்கிறது. அதன் முட்டைகள் ஓங்கிலின் கழிவோடு கடலில் கலக்கின்றன. முட்டைக்குள்ளேயே இளம்புழு உருப்பெற்று வெளிவருகிறது. கூனி இறாலை ஒத்த சிறு உயிர்கள் அதனை விழுங்குகின்றன. அவற்றை மீனும் கணவாயும் உண்கின்றன. மீனுக்குள் சென்ற இளம்புழு அங்கு முதிர்வதில்லை. குடலின் புறத்திலோ தசையிலோ சுருண்டு, உறங்குவது போல் கிடக்கிறது. சிறுமீனைப் பெருமீன் விழுங்கினால் புழுவும் பெருமீனுக்கு இடம் மாறுகிறது. இறுதியில் ஓர் ஓங்கில் அம்மீனை விழுங்கும்பொழுதுதான் அதன் காத்திருப்பு முடிகிறது. ஓங்கில் இரையை மென்று தின்பதில்லை, முழுதாகவே விழுங்கும். ஆகவே மீனுக்குள் இருக்கும் புழு சிதையாமல் உள்ளே சென்று, வெப்பமான இரைப்பையில் விழித்தெழுந்து, முதிர்ந்து, முட்டையிடுகிறது. வட்டம் முழுமை பெறுகிறது.

இத்தகைய சங்கிலி வாழ்வு நம் நாட்டு மக்கள் அறியாததன்று. ஊர்க்கிணற்றில் இறங்கி நீர் முகந்த காலத்தில் நரம்புச் சிலந்தி என்னும் நோய் தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் வாட்டியதை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்நோய்ப் புழுவும் நீரில் வாழும் மிகச் சிறிய ஓருயிரின் உடலில் ஏறித்தான் மனிதனை அடைந்தது. நீரைத் துணியால் வடிகட்டியும், படிக்கிணறுகளை மாற்றியமைத்தும் அச்சங்கிலியின் ஒரு கண்ணியை அறுத்தனர். புழுவே நாட்டைவிட்டு அகன்றது. 1996-ஆம் ஆண்டோடு இந்தியாவில் அந்நோய் ஒழிந்தது. 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது. கிணற்றில் ஒரு கண்ணியை அறுத்தல் இயலும்; கடலை வடிகட்டுதல் இயலுமோ? கடலில் அச்சங்கிலியின் கண்ணிகளாக இருப்பவை நாம் உண்ணும் மீனும் இறாலுமே ஆகும்.

இரைப்பை ஒன்றுதான் புழுக்களின் இருப்பிடம் என எண்ணிவிடலாகாது. ஹாலோசெர்கஸ் என்னும் உருளைப்புழு ஓங்கிலின் நுரையீரலில் வாழ்கிறது. நீருக்குள் மூச்சடக்கி வேட்டையாடி, மேலே வந்து நொடிப்பொழுதில் மூச்சு வாங்கிச் செல்லும் விலங்கிற்கு நுரையீரலில் புழு இருத்தல் எத்துணை இடையூறு என்பதை ஊகித்துக் கொள்ளலாம். அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் இறந்து ஒதுங்கிய குப்பிமூக்கு ஓங்கில்களை ஆராய்ந்தவர்கள், இன்னும் இரை தின்னத் தொடங்காத இளங்குட்டிகளிலும் இப்புழுவைக் கண்டனர். தாயின் கருப்பையிலிருக்கும்பொழுதே புழு குட்டிக்குள் சென்றுவிடுகிறது என்பது அதனால் தெளிவாயிற்று.

வேறு சில புழுக்கள் காதை நாடுகின்றன. ஓங்கில் ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டே இரையையும் வழியையும் அறிகிறது. அதன் செவியெலும்பைச் சுற்றிக் காற்றறைகள் உள்ளன. ஸ்டெனூரஸ் என்னும் மெல்லிய புழுக்கள், ஓங்கிலின் உறவினமாகிய கடற்பன்றியின் காற்றறைகளில் ஆயிரக்கணக்கில் நிறைந்திருப்பதுண்டு. ஆயினும் பல வேளைகளில் பெருங்கேடு எதுவும் காணப்படுவதில்லை. நாசிட்ரீமா என்னும் தட்டைப்புழுவோ அத்தகையதன்று. அது காற்றறையிலிருந்து வழிதவறி மூளைக்குள் சென்று முட்டையிடுவதுண்டு. வழியறிவு கெட்டு ஓங்கில்கள் சில கரையில் வந்து ஒதுங்குவதற்கு இது காரணமாகலாம் என்று 1972-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான ரிட்ஜ்வேயும் டெய்லியும் எடுத்துக்காட்டினர்.

கிராசிகாடா என்னும் இன்னொரு புழு மண்டையோட்டின் எலும்பையே அரித்துவிடும். பசிபிக் பெருங்கடலின் புள்ளி ஓங்கில்களின் மண்டையோடுகளை ஆராய்ந்த பெரினும் பவர்ஸும், அவற்றின் இயற்கைச் சாவுகளுள் 100-க்கு 11 முதல் 14 வரை இப்புழுவால் நேர்ந்திருக்கலாம் என 1980-இல் மதிப்பிட்டனர்.

எல்லாவற்றிலும் வியப்பானது ஓங்கிலின் தோலடிக் கொழுப்பில் சிறு நீர்க்கட்டி போல் தங்கும் நாடாப்புழுவின் இளம்பருவம். அது ஓங்கிலுக்குள் முதிர்வதே இல்லை. அதன் இறுதி ஓம்புயிர் பெருஞ்சுறா என்பது அறிஞர் கருத்து. மீனுக்குள் இருந்துகொண்டு ஓங்கிலுக்காகக் காத்திருக்கும் புழு ஒன்று. ஓங்கிலுக்குள் இருந்துகொண்டு சுறாவுக்காகக் காத்திருக்கும் புழு மற்றொன்று! உண்பவனும் உண்ணப்படுபவனும் ஆகிய எல்லோருடைய உறவையும் இப்புழுக்கள் நூல்போல் கோத்து நிற்கின்றன.

இவ்வாராய்ச்சி அயல்நாட்டுக்கே உரியதன்று. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த ஜான் ஆண்டர்சன், கங்கை ஓங்கிலையும், முகத்துவாரங்களிலும் கரையோரத்திலும் வாழும் ஐராவதி ஓங்கிலையும் விரிவாக ஆராய்ந்து 1878-இல் நூல் வெளியிட்டார். அவற்றின் உடலில் கிடைத்த தட்டைப்புழுக்களைப் பற்றி ஸ்பென்சர் காபோல்டு என்னும் ஆங்கில அறிஞர் அதற்கு முன்பே, 1876-இல் எழுதினார். நம் நாட்டு ஓங்கில்களின் புழுக்கள் அறிவியல் ஏட்டில் இடம் பெற்று 100 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

இத்தனை புழுக்கள் இருந்தும் ஓங்கில்கள் எவ்வாறு உயிர் வாழ்கின்றன என்ற வினா எழலாம். ஓம்புயிர் இறந்தால் ஒட்டுண்ணிக்கும் வாழ்வில்லை. குடியிருக்கும் வீட்டைக் கொளுத்தும் குடித்தனக்காரர் உண்டோ? நெடுங்காலம் உடன்வாழ்ந்த ஓங்கிலும் புழுவும் தமக்குள் ஓர் உடன்பாட்டை அடைந்துள்ளன எனலாம். புழுவின் தொகையை ஓங்கிலின் உடல்வலிமை ஓர் அளவிற்குள் அடக்கி வைக்கிறது. அவ்வளவிற்குள் இருக்கும்வரை ஓங்கில் நீந்துகிறது, வேட்டையாடுகிறது, குட்டி ஈனுகிறது. குட்டியும் மெலிந்ததும் முதியதும் சில வேளைகளில் புழுவுக்கு இரையாதல் இயற்கை. ஆகவே புழு இருப்பது மட்டும் நோயாகாது. புழுவை அடக்கும் ஆற்றல் குன்றுவதே நோய். இன்றைய பேச்சில் நினைவில் இருத்த வேண்டிய கருத்து இதுவே.

அவ்வாற்றலைக் குன்றச் செய்வது எது? முதுமையும் பசியும் குன்றச் செய்யும். மனிதன் கடலில் கலக்கும் நஞ்சும் குன்றச் செய்யும். மின்மாற்றிகளின் எண்ணெயில் பயன்பட்ட பி.சி.பி. என்னும் வேதிப்பொருளும், பூச்சிகொல்லியாகிய டி.டி.ட்டியும் எளிதில் சிதையாதவை. அவை நீரிலிருந்து நுண்ணுயிருக்கும், நுண்ணுயிரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து ஓங்கிலுக்கும் செல்கின்றன. படிக்குப் படி செறிவு மிகுந்து கொழுப்பில் தங்குகின்றன. புழு செல்லும் அதே பாதையில் நஞ்சும் செல்வதைக் கவனியுங்கள். தாயின் கொழுப்பிலுள்ள நஞ்சு பாலின் வழியே குட்டிக்கும் செல்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் கரைகளில் இறந்து ஒதுங்கிய கடற்பன்றிகளை ஆராய்ந்த ஜெப்சனும் அவர் குழுவினரும் 1999-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். வலையில் சிக்கியும் அடிபட்டும் இறந்த நல்லுடல் விலங்குகளைவிட, புழுக்களாலும் நுண்ணுயிர்களாலும் நோயுற்று இறந்தவற்றின் கொழுப்பில் பி.சி.பி. மிகுதியாக இருந்தது என்பதே அது. புழு பழைய புழுதான். அதைத் தாங்கும் உடல்தான் முன்போல் இல்லை.

நம் கரையிலும் அந்நஞ்சு உண்டா? உண்டு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் இருப்பதை அறிவீர்கள். அப்பகுதிக் கடலில் மீன்வலைகளில் சிக்கி இறந்த ஓங்கில்களின் கொழுப்பை, ஜப்பானிய அறிஞர் டனபேயும் நம் நாட்டு அறிஞர் சுப்பிரமணியன் முதலானோரும் ஆராய்ந்து 1993-இல் முடிவை வெளியிட்டனர். அக்கொழுப்பில் தங்கியிருந்த நஞ்சுகளுள் டி.டி.ட்டியும் அதன் சிதைவுகளுமே முதன்மையாக இருந்தன. வேளாண்மையில் அம்மருந்தைப் பயன்படுத்துவதை இந்தியா 1989-லேயே தடை செய்துவிட்டது. ஆயினும் நேற்றுத் தெளித்தது இன்றும் கரையவில்லை.

இங்கேதான், நேயர்களே, மைசூரில் வாழும் நாம் இக்கதைக்குள் வருகிறோம். நாம் நாள்தோறும் காணும் காவிரி கிருஷ்ணராஜசாகரத்தில் தேங்கி, ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சூழ்ந்து ஓடி, திருமகூடலில் கபினியோடு கூடி, ஒகேனக்கல்லில் வீழ்ந்து, மேட்டூரைக் கடந்து, முக்கொம்பில் கொள்ளிடமாகப் பிரிகிறது. அக்கொள்ளிடம் கடலோடு கலக்கும் இடம் பரங்கிப்பேட்டைக்குத் தென்புறத்தே, மிக அண்மையில்தான் உள்ளது. பிழைப்பைத் தேடி நாம் ஊரை விட்டு மேற்றிசை வந்துவிட்டோம். ஆனால் இங்கு ஓடும் நீர் நம் ஊர்க் கடலுக்கே போகிறது. வழியில் அணைகளும் வயல்களும் அதனை மறிக்கின்றன என்பது மெய்யே. எனினும் பெருவெள்ளக் காலத்தில் மேட்டுநிலத்து மண்ணும், மண்ணில் ஒட்டிய மருந்தும், ஊர்ச் சாக்கடையும் அந்நீரோடு போகாமலிருப்பதில்லை. வீட்டில் எஞ்சிய பூச்சிமருந்தையும் பழைய எண்ணெயையும் சாக்கடையில் கொட்டாதிருப்பது சிறு செயலே. ஆனால் அதன் பயன் நெடுந்தொலைவில், நாம் பிறந்த கரையில் விளையும்.

இனி, புழுவைக் கண்டு அருவருப்போர் அறிய வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. 1978 முதல் 2015 வரை உலகக் கடல்களில் எடுக்கப்பட்ட கணக்குகளைத் தொகுத்து, அமெரிக்க அறிஞர்கள் 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அக்காலத்தில் மீன்களிலுள்ள அனிசாகிஸ் புழுவின் அளவு 283 மடங்கு பெருகியுள்ளது என்று அது கூறுகிறது. கடல் வெப்பமடைதல் முதலிய காரணங்கள் பல இருக்கலாம். வேட்டை தடுக்கப்பட்டபின் திமிங்கிலங்களும் பிற கடற்பாலூட்டிகளும் மீண்டும் பெருகியது ஒரு காரணமாகலாம் என்றும் அவர்கள் கருதுகின்றனர். ஓம்புயிர் பெருகினால் ஒட்டுண்ணியும் பெருகுமன்றோ? அவ்வாறாயின், மீனில் புழு காண்பது சில இடங்களில் கடல் நலம் பெற்றதற்கு அடையாளமாகவும் கொள்ளத்தக்கது.

அடுக்களைக்குத் திரும்புவோம். மீனில் புழுவைக் கண்டால் செய்ய வேண்டுவது யாது? இப்புழு மனிதனுக்குள் முதிர்ந்து குடும்பம் நடத்த இயலாதது. ஆயினும் உயிரோடு உள்ளே சென்றால், இரைப்பைச் சுவரைத் துளைத்துக் கடும் வயிற்றுவலியை உண்டாக்கும். பச்சை மீனை உண்ணும் ஜப்பானியரிடையே இந்நோய் மிகுதி. வேகாத ஹெர்ரிங் மீனை உண்ட ஒல்லாந்தரிடையே இது பரவியதை வான் தீல் என்பவர் 1960-இல் விளக்கினார். அதன்பின் 1968-இல், மீனை உறையவைத்த பின்னரே விற்க வேண்டும் என்று அந்நாட்டில் சட்டம் பிறந்தது.

நம் குழம்பும் வறுவலும் இவ்வகையில் நல்ல காவல். மீனின் நடுப்பகுதிவரை 60 பாகை செல்சியஸ் வெப்பம் ஏறி ஒரு நிமிடமேனும் நின்றால் புழு இறந்துபடும். உறையவைப்பதானால் சுழியத்திற்குக் கீழ் 20 பாகைக் குளிரில் 7 நாள் வைத்தல் வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தலும், மேலோட்டமாகப் புகையூட்டுதலும் போதா. மீன் வாங்கியதும் காலந்தாழ்த்தாது குடலை நீக்கிவிடுவது நன்று. மீன் இறந்தபின் புழு குடலைவிட்டுத் தசைக்குள் நகர்வதுண்டு. புழு தென்பட்ட பகுதியை வெட்டியெறிந்து, எஞ்சியதை நன்கு வேகவைத்து உண்ணலாம். ஒருசிலருக்கு மட்டும், வெந்து இறந்த புழுவின் பொருளும் ஒவ்வாமையைத் தரும். மீனுண்டபின் தடிப்போ மூச்சுத்திணறலோ ஏற்படுவோர் மருத்துவரை நாட வேண்டும். வெப்பத்தாலும் குளிராலும் உணவைக் காக்கும் கலைக்கென்றே மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950-இல் இம்மைசூரிலேயே தொடங்கப்பெற்றது. அந்நிலையம் அமைந்த ஊரில் வாழும் நாம், அடுப்பின் வெப்பமே முதற் காவல் என்பதை மறத்தலாகாது.

விடுமுறையில் நாகப்பட்டினத்திற்கோ தூத்துக்குடிக்கோ குமரிமுனைக்கோ செல்லும் அன்பர்கள் கரையில் ஒதுங்கிய ஓங்கிலைக் காண நேரலாம். அது உயிரோடிருந்தால், தலையுச்சியிலுள்ள மூச்சுத்துளையை மணலும் நீரும் அடைக்காதவாறு காத்து, தோலை ஈரத் துணியால் மூடி, வனத்துறைக்கு உடனே செய்தி சொல்லுங்கள். காரணம் அறியாமல் கடலுக்குள் தள்ளிவிடுதல் போதாது. புழுவால் மூளையோ நுரையீரலோ கெட்ட விலங்கு மீண்டும் கரைக்கே திரும்பும். இறந்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். அறுக்கவோ உண்ணவோ எவரையும் விடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஓங்கிலைக் காக்கிறது. அவ்வுடலைத் திறந்து பார்க்கும் கால்நடை மருத்துவரும் கடல் அறிஞரும், அதனுள் இருக்கும் புழுக்களைக் கொண்டே அது எதை உண்டது, எக்கடலில் உலவியது, எதனால் மெலிந்தது என்பவற்றை அறிய முயல்வர்.

மீனின் வயிற்றில் சுருண்டு கிடந்த அச்சிறு வெண்புழு, கூனியையும் மீனையும் ஓங்கிலையும் சுறாவையும் ஒரே குடும்பமாகக் கோக்கும் நூல் என்பதைக் கண்டோம். அந்நூல் அறுந்துபோக வேண்டும் என்பதில்லை. அதனைத் தாங்கும் வலிமை ஓங்கிலுக்குக் குன்றாதிருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம். அவ்வலிமையைக் காப்பதில் கடற்கரையில் வலை வீசும் மீனவருக்குப் பங்கு உண்டு. காவிரியின் மேற்கரையில் குடமும் குழாயும் நிறைத்துக்கொள்ளும் நமக்கும் பங்கு உண்டு. வரும் ஞாயிற்றுக்கிழமை மீனின் வயிற்றில் புழுவைக் கண்டால், கடைக்காரரை வையாமல், இவ்வுறவை ஒருகணம் நினைந்து, பின்னர் நன்றாக வேகவைத்து உண்ணுங்கள்.